பதினேழு புள்ளி நான்கு

“சாமி மேடையத் தொறங்க” என்றேன்.

மணிச் சத்தம் நின்றது. அப்பாவின் இடது கையில் மணி, வலது கையில் கற்பூரத் தட்டு. முனியாண்டிக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால். ஜுருவில் இருக்கிற அந்த முலாம் பூசும் தொழிற்சாலையில் மலாய்க்காரத் தொழிலாளிகள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அந்த இடைவேளையில்தான் தமிழ்த் தொழிலாளிகள் வாரா வாரம் பின்வேலியோரத்துக் கோயிலில் பூஜை வைப்பார்கள். நான் மேடையின் முதல் படியில் நின்றேன். கையில் ஐஸ் பெட்டி, தோளில் மாதிரிப் போத்தல்கள் அடுக்கிய பை, காலில் இரும்பு முனை வைத்த சப்பாத்து.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர் நான் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தின் மேலாளர் ரோஹானா மேடம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: தொழிற்சாலைக்காரன் திறந்து காட்டுகிற இடத்தில் போத்தலை முக்கு, மூடியிருப்பதைத் திறக்கச் சொல்லாதே, அவன்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறான். இன்னொருவர் அப்பா. அவர் சொன்னது அதைவிடச் சுருக்கம். “எங்க பெக்டரிக்கு மட்டும் நீ வந்துறாத.”

இரண்டு வருஷம் நான் வரவில்லை. கழிவுநீர் மாதிரி எடுக்க வேறு ஆள் வந்துகொண்டிருந்தார். இந்த மாதம் அவர் விடுப்பு எடுத்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேன் ஓட்டுகிற ஜாஹிர் அண்ணன் என்னை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகும்போது, “ரெண்டு மணிக்கு வந்துர்றேன் லா. அதுக்குள்ள யார்கிட்டயும் சண்ட கிண்ட வச்சுக்காத, லோகா” என்றார். என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

“ஏய், செருப்போட ஏறுறா பாரு!” வடிவம்மாள் கத்தினாள். பேக்கிங் பகுதியில் இருபது வருஷமாக இருக்கிறவள். வெள்ளிக்கிழமைச் சுண்டல் அவள் கைப்பக்குவம். “பழனியண்ணே, ஒங்க மவளுக்கு மூள கழண்டு போச்சா?”

“செருப்பு இல்ல ஆண்ட்டி, சப்பாத்து.”

“வாயப் பாரு. தீட்டோட வந்திருக்காளோ என்னமோ.”

“ஆமா, ரெண்டாம் நாள். அதுக்குச் சாமி எழுந்திரிச்சு ஓடிருவாரா?”

பின்னால் எவனோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். அப்பா சிரிக்கவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“எறங்கு” என்றார்.

“வால்வ மூடிட்டு வாங்க. எறங்குறேன்.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்து நின்றது. கோபம் அல்ல. அங்கே நின்றவர்களில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை நான் ஒன்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

அந்தக் கோயிலைக் கட்டியபோது எனக்குப் பத்து வயது. குரோமியத் தொட்டியில் ஒருவர் தவறி விழுந்து செத்துப்போனார். அதன் பிறகு ஆட்கள் தொட்டிப் பக்கம் போகப் பயந்தார்கள். சாமி வைத்தால்தான் வேலை என்றார்கள். நிர்வாகம் உடனே சம்மதித்தது. கழிவுநீர்க் கொட்டகைக்கும் பின்வேலிக்கும் நடுவில் இந்த மூலையைக் கொடுத்தது. முறுக்கிய மீசை, கையில் அரிவாள், கறுப்பு டைல்ஸ் பதித்த மேடை. முனியாண்டியின் காலடியில் அபிஷேகத் தண்ணீர் இறங்க ஒரு பித்தளைச் சல்லடை. முன்பு குரோமியத் தொட்டியில் நின்று, பிறகு கழிவுநீர்க் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற அப்பாவே பூசாரியும் ஆனார்.

ஆடி மாதத் திருவிழாவுக்கு அம்மாவும் நானும் எங்கள் வீடு இருந்த சுங்கை பினாங்கிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸிலேயே வருவோம். அபிஷேகம் ஆனதும் நான் டைல்ஸில் காது வைத்துப் படுத்துக்கொள்வேன். அடியில் கடகடவென்று ஓடும். ஒரு குடம் பாலுக்கு அவ்வளவு நேரம் ஓடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. “முனியாண்டி தண்ணி குடிக்கிறாரு” என்பார் அப்பா. “சத்தம் போடாமக் கேளு.”

நான் கேட்டேன். நம்பினேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன்.

மூன்று மாதம் முன்பு காமாரியா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஜுரு ஆற்று முகத்துவாரத்தில் கெரங் சிப்பி பொறுக்கி விற்கிறவள், ஐம்பது வயதிருக்கும். ஒரு சாய வாளி நிறையச் சிப்பி. எல்லாம் வாய் பிளந்து செத்து நாறின. வரவேற்பறையில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். காமாரியா தன் கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். சேற்றில் நிற்கிற உயரம்வரை தோல் உரிந்து, சிவந்து, இடையிடையே காசு அளவுக்குப் புண். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், சனிக்கிழமை கடல் வற்றத்தில் போனால் செத்துக் கிடக்கும் என்றாள். அந்தச் சிப்பிகளை நான்தான் அரைத்துச் சோதித்தேன். நிக்கல், குரோமியம் இரண்டும் எகிறி நின்றன. ரோஹானா மேடம் அறிக்கையின் கீழே ஒரு வரி சேர்த்தார்: மூலம் தெரியவில்லை.

மூலம் எப்படித் தெரியும்? வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற பெரிய பாரிட்டில், பொதுச் சாக்கடையில், பன்னிரண்டு தொழிற்சாலைகளின் தண்ணீர் கலந்து ஆற்றுக்குப் போகிறது. அதில் எடுத்தால் ஆளுக்கு ஆள் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள்.

நான் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் தொழிற்சாலைத் தண்ணீர் மட்டும் எல்லா மாதமும் படு சுத்தம். அந்தச் சுத்தம்தான் உறுத்தியது. முலாம் தொட்டிக் கழிவில் காஸ்டிக், சுண்ணாம்பு, அமிலம் என்று கொட்டிச் சுத்திகரித்தால் உலோகம் போகும், உப்பு போகாது. அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மீட்டரை வைத்தால் ஆயிரக் கணக்கில் காட்ட வேண்டும். இவர்களுடையது எண்பத்தெட்டு காட்டியது. வீட்டுக்குப் போய் எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்தேன். எண்பத்தாறு.

மாதிரி எடுக்க வருகிற நாளில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். நிஜமான கழிவு வேறு வழியில் போகிறது. வெள்ளிக்கிழமைகளில். சுற்றுச்சூழல் இலாகா ஆள் எவரும் வராத இரண்டரை மணி நேரத்தில். மணியும் உடுக்கையும் அடிக்கிற சத்தத்தில்.

வேறு வழி எது என்று தெரிய நான் பட்டம் வாங்கியிருக்கத் தேவையில்லை. பத்து வயதில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன்.

“லோகா, என்ன இது? உள்ள வாங்க, ஏர்கோன்ல உக்காந்து பேசுவோம்.”

ஹரீஷ். தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அதிகாரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் ஒரு கீற்று விபூதி. ஓடி வந்த மூச்சை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

“இங்கயே பேசலாம். மேடைக்குக் கீழ குழி இருக்கு. மூடியத் தொறங்க, ஒரு போத்தல் எடுத்துட்டுப் போயிர்றேன்.”

“கோயில ஒடைக்கச் சொல்றீங்க.”

“டைல்ஸத் தூக்கச் சொல்றேன்.”

அவன் கைத்தொலைபேசியை எடுத்து என் சப்பாத்துக் காலை ஒரு படம் பிடித்தான். அவசரமே இல்லாமல், குனிந்து, படியும் முனியாண்டியும் சேர்ந்து விழுகிற மாதிரி.

“டிக்டாக்ல போட்டா எத்தன பேர் பார்ப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? கோயில ஒடைக்கச் சொன்ன தமிழ்ப் பொண்ணு. இலாகாவுலேர்ந்து மலாய் ஆபீசருங்க ரெண்டு தடவ வந்தாங்க, தெரியுமா? அதோ அந்த மரத்துக்கிட்ட நின்னு பார்த்துட்டு, சாரி பிரதர்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்களுக்கு இருக்கிற மரியாதகூட நம்ம புள்ளைக்கு இல்லையே. வாங்க, வெயில்ல நிக்காதீங்க.”

நான் இறங்கினேன். பயந்து அல்ல. மேடையை என்னால் கையால் பெயர்க்க முடியாது.

கழிவுநீர்க் கொட்டகையின் மூலையில் கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறை. அப்பாவின் அறை. ஒரு மேசை, ஒரு சாமி காலண்டர், சுவரில் ஒரு பலகை. அதில் கழிவுநீர்ப் பொறுப்பாளர் என்று மலாயில் எழுதி, கீழே பழனியப்பன் என்று அச்சடித்திருந்தது. அப்பா தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றவர். அந்தப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

ஹரீஷ் அலமாரியைத் திறந்து நீல அட்டை போட்ட ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தான். தூசியைத் தட்டி, என் முன்னால் விரித்து வைத்தான்.

“இது யார் எழுத்து?”

2011-ஆம் வருஷம், மார்ச் மாதம். தேதி, நேரம், வெளியேறும் தண்ணீரின் பி.எச். அளவு, வெப்பநிலை. கட்டம் கட்டமாக, உருண்டையான எழுத்து. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு.

என் எழுத்து.

எங்கள் வீட்டில் படிவம் எதுவாக இருந்தாலும் நான்தான் நிரப்புவேன். தண்ணீர் பில் தகராறு, அம்மாவின் மருத்துவமனை அட்டை, தம்பியின் பள்ளிக்கூடச் சேர்க்கை, அப்பாவின் விடுப்புக் கடிதம். எல்லா வீட்டிலும் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இந்தப் புத்தகத்தையும் பையில் வைத்துக் கொண்டுவருவார். கூடத்தில் பாய் போட்டு நான் குப்புறப் படுத்துக்கொள்வேன். கீழே ஓடுகிற சுங்கை பினாங் ஆறு நாறும். அம்மா ஜன்னலைச் சாத்துவாள். அப்பாவுக்கு எந்த நாற்றமும் தெரியாது. “ஏழு புள்ளி ரெண்டு போடு” என்பார். “அடுத்தது ஏழு புள்ளி நாலு. ஒரே மாதிரி போடாதடி, பார்க்கிறவன் சந்தேகப்படுவான்.” நான் மாற்றி மாற்றிப் போடுவேன். ஒரு வாரம் முடித்தால் மைலோ ஐஸ். அது என் கணக்குப் பாடத்தைவிடச் சுலபம்.

“இதுல ஆரம்பிச்சு ஏழு வருஷப் புத்தகம் இருக்கு” என்றான் ஹரீஷ். “கடைசி ரெண்டு வருஷத்துல ஒங்களுக்குப் பதினெட்டு ஆயிருச்சு. சின்னப் புள்ள, தெரியாம எழுதிட்டேன்னு சொல்ல முடியாது. பொறுப்பாளர் ஒங்க அப்பா. எழுதினது நீங்க. கம்பெனி ஒங்கள நம்பிச்சு. சட்டம் இப்ப முன்ன மாதிரி இல்ல லோகா, அபராதத்தோட விடாது. உள்ளயும் போடுவாங்க. நான் மெரட்டுறதா நெனைக்காதீங்க. அண்ணன் எனக்கும் அப்பா மாதிரிதான்.”

“அப்பா மாதிரின்னா அவர் பேர எடுத்துட்டு ஒங்க பேரப் பலகையில போடுங்க.”

அவன் சிரிப்பு கொஞ்சம் கீழே இறங்கியது. அப்பா அறைக்குள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், மார்பெல்லாம் விபூதி. ஹரீஷ் அவர் தோளைத் தட்டினான்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. பத்து நிமிஷம். நான் வெளிய தண்ணிக்கு ஏற்பாடு பண்றேன்.”

கதவு மூடியது. அப்பா நின்றுகொண்டே இருந்தார். நானும் உட்காரவில்லை.

“யாருக்காகடி இதெல்லாம்?”

“கெரங் பொறுக்குற பொம்பள ஒருத்தி. அவ காலு அழுகிக்கிட்டு இருக்கு.”

“அவ ஒன்ன பெத்தாளா? கெரங் விக்கிறவளுக்காக அப்பன ஜெயிலுக்கு அனுப்புவியா?”

“நீங்க ஒங்க மொதலாளிக்காக அவள அனுப்புறீங்களே, குழிக்கு.”

“மொதலாளியா?” அவர் உதட்டைப் பிதுக்கினார். “அவனுக்கு என்ன தெரியும்? இந்த எடத்தக் காட்டுனவன் நான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஜன்னல் வழியே மேடையைப் பார்த்துக்கொண்டு பேசினார். சொல்லச் சொல்லக் குரலில் ஒரு பெருமை ஏறியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“முன்ன அந்தக் குழி மூடி தொறந்த வெளியில கெடந்துச்சு. ஆபீசர் வரும்போதெல்லாம் நான்தான் போயி மறைக்கணும். இவனுங்க சூட் போட்டுக்கிட்டு மேல நிப்பானுங்க. மூடி மேல நிக்கிறவன் நான். அவன் தொட்டியில விழுந்து செத்தப்ப எல்லாரும் சாமி கேட்டாங்க. நான்தான் மேனேஜர்கிட்டப் போயி, இங்க வைங்க, எவனும் தொட மாட்டான்னு சொன்னேன். எம்பிஏ படிச்சவனுக்கு வராத யோசன.”

“செத்தவரு பேரு?”

“என்ன?”

“தொட்டியில விழுந்தவரு பேரு. அவருக்காக வச்ச சாமிதானே? மேடையில ஒரு கல்லுலகூட இல்லையே.”

அவர் வேட்டியை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மறந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன்.

வெளியே வாளிகள் மோதும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். ஹரீஷ் தீயணைப்புக் குழாயை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வடிவம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முனியாண்டி தலையில் குடம் குடமாகக் கவிழ்த்தாள். இன்னொருவன் குழாயைச் சல்லடைக்கு நேராகப் பிடித்தான். நான் மிதித்த தீட்டுக்குக் கழுவுகிறார்களாம். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. டைல்ஸுக்கு அடியில் கடகடவென்று ஓடியது.

“ஊத்தட்டும்” என்றேன். “எத்தன கொடம் வேணும்னாலும் ஊத்தட்டும். தண்ணி போயிரும், அடியில பதினஞ்சு வருஷச் சேறு இருக்கு. அது தண்ணிக்குப் போகாது. பிடிச்ச நிக்கல விடாது.”

“திங்கக்கெழமைக்குள்ள சிமெண்ட் போட்டு மூடிருவாங்க.”

“அதனாலதான் இன்னிக்கே இலாகாவுக்குப் போறேன்.”

“போயி? என்னத்தக் காட்டுவ? வெறும் வாயா?”

அது சரியான கேள்வி. என் போத்தல்கள் காலி. மேசையில் கையை ஊன்றிக்கொண்டேன். அங்கே இந்த வருஷக் குறிப்பேடு கிடந்தது, பேனா செருகியபடி. மற்றவர்கள் பொருளைப் புரட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. புரட்டினேன்.

அப்பாவின் எழுத்து. முட்டி முட்டி நிற்கிற எண்கள். நான் பல்கலைக்கழகம் போன பிறகு அவரே எழுதப் பழகிக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஏழு புள்ளி இரண்டு. ஏழு புள்ளி நான்கு. ஏழு புள்ளி மூன்று. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு.

அப்பா ஏழுக்குக் கோடு போட மாட்டார். அது எனக்கு ஆறாம் ஆண்டு ஆசிரியை சொல்லிக் கொடுத்தது.

ஹரீஷ் விரித்து வைத்துவிட்டுப் போன 2011 மார்ச்சை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாரம் அப்படியே. இரண்டாவது வாரம் அப்படியே. மனிதருக்குச் சொந்தமாகப் பொய் எண் யோசிக்க வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாயில் படுத்துக்கொண்டு கற்பனை செய்ததை வருஷா வருஷம் பார்த்து எழுதியிருக்கிறார்.

மார்ச் பதினான்கில் என் விரல் நின்றது.

பதினேழு புள்ளி நான்கு.

ஏழு புள்ளி நான்கு என்று எழுத வேண்டியது. முன்னால் ஒரு ஒன்று தவறி விழுந்திருக்கிறது. மைலோ அவசரமாக இருக்கும். பி.எச். அளவு பதினான்கோடு முடிந்துவிடும். அதற்கு மேல் எந்த மீட்டரும் காட்டாது. இந்தப் பக்கம் 2011, உருண்டை எழுத்தில் பதினேழு புள்ளி நான்கு. அந்தப் பக்கம் இந்த வருஷம், அதே தேதியில், முட்டி நிற்கிற எழுத்தில் பதினேழு புள்ளி நான்கு. கீழே பொறுப்பாளர் பழனியப்பன் கையெழுத்து. அதற்கும் கீழே, சரிபார்த்தேன் என்று ஹரீஷின் கையெழுத்தும் முத்திரையும்.

நான் சிரித்துவிட்டேன். அழகான சிரிப்பாக இருந்திருக்காது. அப்பா ஒரு அடி பின்னால் போனார்.

“என்னடி?”

“நீங்க என்னப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கீங்கப்பா. தப்பையும் சேர்த்து.”

நான் பையிலிருந்து மாதிரிப் படிவம் ஒன்றை எடுத்தேன். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதுகிற தாள். பின்பக்கம் திருப்பி, மேசையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் எந்த வால்வு, மேடைக்கு அடியில் என்ன, திறப்பவர் யார். அப்பாவின் பெயர். அதன் பக்கத்தில் அவருடைய அடையாள அட்டை, அந்த ஐசி நம்பர். கேட்கவில்லை. அவருக்கே மனப்பாடம் இல்லாத அந்தப் பன்னிரண்டு இலக்கத்தை நான் ஒன்பது வயதிலிருந்து எழுதி வருகிறேன். கை தானாகப் போனது. அதற்குக் கீழே என் பெயர், என் நம்பர், 2011 முதல் 2018 வரை பொய் அளவுகளை எழுதியவள் என்று.

அவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாய் எழுத்தை வேகமாகப் படிக்க முடியாவிட்டாலும் எண் தெரியும்.

“ஒம் பேரையும் போடுறியா?”

“போட்டாத்தான் நம்புவாங்க.”

“வேல போயிரும்டி.”

“போகட்டும்.”

“அம்மா செத்துருவா.”

“சாக மாட்டாங்க. அழுவாங்க.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த மூக்கு. சின்ன வயதில் எங்களுக்கு ஒரு வித்தை காட்டுவார். மாலை கட்டுகிற நூலை ஒரு துவாரத்தில் விட்டு மற்றதில் இழுப்பார். தம்பியும் நானும் தரையில் உருண்டு சிரிப்போம். எந்த அப்பாவாலும் முடியாது என்று தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் ஒரு படம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சொன்னேன். வலிக்க வேண்டும் என்றே சொன்னேன்.

“ஒங்க மூக்குல இருக்கிற ஓட்ட வித்தையில்லப்பா. நடுத்தண்டக் குரோமியம் தின்னுருச்சு. தொட்டி ஆவியில நின்னவங்களுக்கு வர்றது. அதனாலதான் ஒங்களுக்கு எதுவும் நாறல. ஆறும் நாறல, இதுவும் நாறல.”

அவர் கை மூக்கிலேயே நின்றது. ஒரு விரல் மெதுவாக உள்ளே தடவிப் பார்த்தது. பிறகு கையை எடுத்தார்.

“மூக்கு என்னோடது” என்றார். “நீ ஒன் வாயப் பொத்து.”

அவ்வளவுதான். நான் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு குறிப்பேடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையிடுக்கில் பிடித்துக்கொண்டேன். ஐஸ் பெட்டியை அங்கேயே விட்டேன்.

கதவைத் திறந்தபோது ஹரீஷ் எதிரே நின்றான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. முதலில் என் முகத்தைப் பார்த்தான், அடுத்து கையிடுக்கை.

“அது கம்பெனி சொத்து, லோகா.”

“இல்ல. என் ஹோம்வொர்க்.”

“அத எடுத்துட்டுப் போனா மொதல்ல மாட்டுறது நீங்கதான். புரியுதா ஒங்களுக்கு? ஒங்க கையெழுத்து.”

“ஒங்களோடதும் இருக்கு. மார்ச் பதினாலு. பதினேழு புள்ளி நாலுக்குக் கீழ முத்திர குத்தியிருக்கீங்க. பி.எச். எது வரைக்கும் போகும்னு தெரியுமா ஹரீஷ்? படிச்சவர்தானே?”

அவன் உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. எண்ணி முடித்ததும் அவன் நிறம் மாறியதை நான் ரசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே ரசித்தேன்.

“அண்ணே!” என்று அவன் என் தோளுக்கு மேலே பார்த்துக் கத்தினான். “பிடிங்க அண்ணே! ஒங்க மகதானே?”

அப்பா என் பின்னால் வந்தார். பிடித்திருக்கலாம். என்னைவிடப் பலமானவர், அந்த இரும்பு வால்வை ஒற்றைக் கையால் திருப்புகிறவர். அவர் கை என் மணிக்கட்டுவரை வந்தது. ஹரீஷைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“இனிமே வீட்டுப் பக்கம் வராத. நான் செத்தாலும் வராத.”

“சரிப்பா.”

மேடையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முனியாண்டியின் மீசைச் சாயம் கரைந்து மார்பில் வழிந்திருந்தது. ஆட்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து காகிதக் கிண்ணத்தில் சுண்டல் தின்றார்கள். ஒருவரும் நிமிரவில்லை. வடிவம்மாள் மட்டும் எழுந்து, கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, நான் நடந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள். என் சப்பாத்து நனைந்தது.

“மூதேவி” என்றாள். “இத்தன பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டுப் போறா.”

அவளுடைய பாதங்களைப் பார்த்தேன். வெறும் கால். வேலியோரத் தண்ணீரில் வாரா வாரம் நின்ற கால். விரலிடுக்கில் அதே சிவப்பு, அதே உரிந்த தோல். காமாரியாவுக்கு முழங்கால்வரை, இவளுக்குக் கணுக்கால்வரை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை. இந்த இடம் மூடினால் அவளுக்கு வேறு வேலை கிடைக்காது.

வாசலில் நேப்பாளிக் காவலாளி வருகைப் புத்தகத்தை நீட்டினான். உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஹரீஷின் தொலைபேசி அழைப்பு இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை. சுற்றுச்சூழல் இலாகா அலுவலகம் இரண்டே முக்காலுக்குத் திறக்கும். ஜாஹிர் அண்ணனின் வேன் இன்னும் வரவில்லை.

உள்ளே வந்த நேரத்தை அவனே எழுதியிருந்தான்; வெளியேறும் நேரம் என்ற கட்டத்தில் நான் எழுத வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒன்று ஐம்பத்திரண்டு. அப்படியே எழுதினேன். இந்தத் தொழிற்சாலையின் புத்தகத்தில் நான் எழுதிய முதல் நிஜமான எண்.

பேனாவை அவனிடம் கொடுத்துவிட்டு, குறிப்பேடுகளைக் கையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, வேனுக்குக் காத்திராமல் பெரிய சாலையைப் பார்த்து நடந்தேன்.